வெண்ணாரை மறந்த வான்வழி

ஆதிகவி வால்மீகியின் வாயிலிருந்து முதற் சுலோகம் பிறந்த கதையை நம் வீட்டுப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போம். தமசா நதிக்கரையிலே கூடிக் களித்திருந்த கிரௌஞ்சப் பறவைகள் இரண்டனுள் ஒன்றை வேடன் ஒருவன் அம்பெய்து வீழ்த்தினான். வீழ்ந்து கிடந்த துணையைக் கண்டு அலறிய மற்றைப் பறவையின் துயரம் முனிவரின் நெஞ்சைச் சுட்டது. அந்தச் சோகமே சுலோகமாயிற்று என்பது வழிவழி வந்த செய்தி. கிரௌஞ்சம் என்பது எப்பறவை என ஆராய்ந்த அறிஞர் பலர், வட இந்திய வயல்வெளிகளில் இன்றும் இணைபிரியாது வாழும் சாரச நாரையே அஃது என்பர்.

இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டது அச் சாரசத்தின் உறவினமாகிய சைபீரிய வெண்ணாரையின் வரலாறு. இமயத்துக்கு அப்பாலிருந்து குளிர்காலந்தோறும் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த இப்பறவை, 2002 ஆம் ஆண்டின் பின்னர் பரத்பூர் ஏரிக்கு வரவேயில்லை. அது வந்து தங்கிய ஏரி இன்றும் இருக்கின்றது. அது பிறந்த சதுப்பு நிலமும் இருக்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை அறிந்த பறவைகளே இல்லாதொழிந்தன. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதைப் பெற்றோரும் மாணவரும் ஒருங்கிருந்து சிந்தித்தல் நன்று.

பறவையின் இயல்பு

முதலிற் பெயரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் வயல்களிலும் குளக்கரைகளிலும் நாம் காணும் கொக்கும் நாரையும் இப்பறவையின் குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல. ஆங்கிலேயர் 'கிரேன்' என்று அழைக்கும் குடும்பத்துக்குத் தமிழிலே தனிப்பெயர் நிலைபெறாமையால், அவற்றையும் நாரை என்றே வழங்கி வருகின்றோம். உலகில் இக்குடும்பத்தில் பதினைந்து இனங்கள் உள. அவற்றுள் ஒன்றேனும் இலங்கையிற் குடியிருப்பதில்லை. கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும். இவை கழுத்தை நேரே நீட்டிப் பறக்கும். கொக்குகள் மரக்கிளைகளிலே கூட்டமாய்க் கூடு கட்டுவதை நாம் கண்டிருக்கின்றோம். இவற்றுட் பெரும்பாலானவை மரத்தில் அமர்வதேயில்லை. சேற்று நிலத்திலே புல்லையும் நாணலையும் குவித்துக் கூடு அமைக்கும்.

சைபீரிய வெண்ணாரை ஏறத்தாழ நாலரை அடி உயரமுடையது. உடல் முழுவதும் தூய வெண்மை, முகத்திலே இறகில்லாத செந்நிறத் தோல், கண் மஞ்சள், கால் இளஞ்சிவப்பு. நிற்கும்போது வெள்ளையாகவே தோன்றும் இப்பறவை சிறகை விரித்தவுடன் அதன் நுனி இறகுகள் கரியன என்பது புலப்படும். குஞ்சுகளோ வெண்மையாயிராமல் கறுவாப்பட்டையின் நிறத்தில் இருக்கும். ஏனைய நாரைகளின் குரல் எக்காளம் போன்றது. இதன் குரல் புல்லாங்குழலை நினைவூட்டும் மென்மையுடையது. ஆழமற்ற நீரில் நின்று, சேற்றினுட் புதைந்த கிழங்குகளைத் தோண்டித் தின்பதே இதன் வாழ்க்கை. வழுக்கும் கிழங்கைப் பற்றுதற்கென அலகின் ஓரம் அரம்போல் அமைந்திருக்கின்றது. நாரைக் குடும்பத்தில் நீரை இதனினும் மிகுதியாகச் சார்ந்து வாழ்வது வேறில்லை.

பெண் பறவை பெரும்பாலும் இரண்டு முட்டைகளை இடும். அவற்றுள் ஒரு குஞ்சே வளர்ந்து பறக்கும். அக்குஞ்சு தானும் குடும்பம் நடத்தத் தொடங்க ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஆனால் ஆயுளோ மிக நீண்டது. மனிதர் வளர்ப்பில் இருந்த ஓர் ஆண் நாரை எண்பது ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்ததாகப் பதிவுண்டு. மெதுவாகப் பெருகி நெடுங்காலம் வாழும் இனம் இது. ஆதலின் முதிர்ந்த பறவை ஒன்று சுடப்படுமாயின் அந்த இழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் செல்லும். வாசகர்கள் இதனை நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

வடக்கே தெய்வப் பறவை

ரஷ்யாவின் வடகிழக்கிலே, ஆர்க்டிக் பெருங்கடலை அடுத்து, யாக்கூத்தியா என்னும் பரந்த நாடு இருக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக்கிடக்கும் அந்நாட்டு மக்கள் தம்மைச் சகா மக்கள் என அழைப்பர். அவர் மொழியில் வெண்ணாரைக்குப் பெயர் 'கித்தலிக்' என்பதாகும். இளவேனிலில் அது வந்து இறங்குவதைக் காண்பது பெரும்பேறு என்பது அவர் நம்பிக்கை. 'ஒலொன்ஹோ' என்பது அவர்தம் வாய்மொழிக் காவியம். பாட்டும் வசனமுமாகப் பாணர்கள் இரவெல்லாம் பாடி வந்தது. அக்காவிய உலகிலே மேலுலகத்துக் கன்னியர் வெண்ணாரையின் உருவெடுத்துப் பறப்பர். அப்பறவையைக் கொல்லுதல் பாவம் என்ற எண்ணம் இதனாலே அம்மக்களிடம் வேரூன்றியது. 1996 ஆம் ஆண்டில் கித்தலிக் என்ற பெயரிலேயே அங்கு ஒரு காப்பிடம் அமைக்கப்பட்டது. 2019 இல் அது தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது.

தெற்கிலும் இப்பறவை மதிப்பின்றி இருக்கவில்லை. மொகலாயச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர் பறவைகளையும் விலங்குகளையும் கூர்ந்து நோக்குவதில் பேரார்வம் கொண்டவர்; தாம் வளர்த்த சாரச நாரைகள் கூடு கட்டி அடைகாத்த முறையைத் தம் நினைவுக் குறிப்பிலே எழுதி வைத்தவர். அவருடைய அவைக்களத்து ஓவியர் உஸ்தாத் மன்சூர் சைபீரிய வெண்ணாரையைத் தீட்டிய ஓவியம் கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. ஐரோப்பிய விஞ்ஞானியான பல்லாஸ் இப்பறவைக்கு இலத்தீன் பெயர் சூட்டியது 1773 இல். அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு முன்னரே இந்திய ஓவியர் ஒருவரின் தூரிகை இதன் இறகையும் காலையும் நுணுகிப் பதிந்துவிட்டது.

பரத்பூர் ஏரி

மேற்குச் சைபீரியாவில், ஓப் ஆற்றோடு கலக்கும் குனோவாத் ஆற்றின் சதுப்பு நிலமே இந்தியாவுக்கு வந்த நாரைகளின் பிறப்பிடம் என 1981 இல் ரஷ்ய ஆராய்ச்சியாளர் கண்டனர். அங்கிருந்து புறப்படும் கூட்டம் கஸக்ஸ்தானைக் கடந்து, ஆப்கானிஸ்தானின் ஆபி இஸ்தாதா ஏரியில் இளைப்பாறி, பாகிஸ்தான் வழியாக இராஜஸ்தானிலுள்ள பரத்பூரை அடையும். ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீற்றர்ப் பயணம் அது.

பரத்பூரின் கேவலாதேவ் என்னும் நீர்ப்பரப்பு ஒரு சிவன் கோயிலாற் பெயர் பெற்றது. அரசர்கள் அணைகட்டி நீர் தேக்கிப் பெருக்கிய இடம் அது. அவர்களுக்கும் அவர்தம் விருந்தினர்க்கும் வேட்டைக்களமாய் இருந்தது. 1938 நவம்பர் 12 ஆம் நாள், வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட ஒரே வேட்டையில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அக்கணக்கு அங்குள்ள கல்லிலே பெருமையோடு பொறிக்கப்பட்டிருக்கின்றது. எனினும் வேட்டையின் பொருட்டேனும் அரசர் அந்நீர்ப்பரப்பை வயலாக்காமற் காத்தனர் என்பதும் உண்மையே. பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதலானோரின் முயற்சியால் அது 1980 களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாயிற்று. 1985 இல் உலக மரபுரிமைச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

அக்காலத்திலே ஒரு துன்பமும் நேர்ந்தது. பூங்காவினுள் எருமைகளை மேய்த்தல் 1982 இல் தடைசெய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு மாடு மேய்த்துவந்த கிராமத்தவர் எதிர்த்தெழ, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பு ஏற்பட்டது. தடையின் பின்னர் நீரிலே புல் கட்டுக்கடங்காது செழித்துத் திறந்த நீர்ப்பரப்பை மூடத் தொடங்கிற்று. எருமைகள் மேய்ந்தமையாலேயே பறவைகளுக்கு உகந்த நீர் திறந்து கிடந்தது என்பதைப் பின்னர் நடந்த நீண்ட ஆராய்ச்சி எடுத்துக்காட்டியது. கிராமத்தவரின் பழைய வழக்கத்தையும் பறவைகளின் தேவையையும் ஒன்றுக்கொன்று பகையெனக் கருதியது தவறாயிற்று.

வெண்ணாரைகளின் கணக்கைப் பாருங்கள். 1960 களின் நடுப்பகுதியில் பரத்பூருக்கு ஏறத்தாழ இருநூறு நாரைகள் வந்தன. 1980 களில் அத்தொகை நாற்பதளவாகச் சுருங்கியது. 1992-93 குளிர்காலத்தில் வந்தவை ஐந்து. அடுத்த இரண்டு குளிர்காலங்களிலும் ஒன்றுமே வரவில்லை. 1996 இல் நான்கு பறவைகள் வந்தபோது பலர் மகிழ்ந்தனர். 2001-02 குளிர்காலத்திலே ஒரு சோடி வந்தது. அதுவே இறுதி.

இடைவழியில் நேர்ந்தது

புறப்படும் இடத்தில் தெய்வமெனப் போற்றினர். போய்ச் சேரும் இடத்தில் காவல் அமைத்தனர். இடையிலுள்ள நெடுவழியிலே இப்பறவைக்குக் காவல் இல்லை. பாகிஸ்தானின் வடமேற்கிலே குர்ரம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நாரை பிடித்தல் ஒரு பழைய வீர விளையாட்டு. வளர்ப்பு நாரையைக் கூவச் செய்து, அக்குரலுக்கு இறங்கிவரும் கூட்டத்தின்மீது ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வீசிப் பிடிப்பர். அக்கயிற்றைச் 'சோயா' என்பர். வீட்டு முற்றத்தில் நாரை நிற்பது அவ்வூர்ப் பெரியோருக்கு மதிப்பு. அவர் நாடியவை பெரும்பாலும் தொகையில் மிகுந்த வேறு நாரையினங்களே; எனினும் அக்கூட்டத்திடையே வந்த சில வெண்ணாரைகளைக் கயிறு பிரித்தறியுமா? கயிற்றோடு துப்பாக்கியும் சேர்ந்தபோது அழிவு விரைந்தது. ஆப்கானிஸ்தானில் 1979 முதல் போர் மூண்டது. ஆபி இஸ்தாதா ஏரி 1977 இல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டிருந்தும் அங்கு காவல் செய்வாரில்லை. பின்னர் வந்த வறட்சியில் அவ்வேரியும் வற்றியது.

இந்நாரை கடக்கும் நாடுகள் இதனைக் காப்பதற்கென 1993 இல் ஓர் உடன்பாடு செய்தன; காலப்போக்கில் பதினொரு நாடுகள் அதில் இணைந்தன. ஆனால் அவ்வாண்டுக் குளிர்காலத்திலேயே பரத்பூர் முதன்முறையாக வெண்ணாரையின்றி வெறிச்சோடியது.

பாதையைக் கற்பிப்போர் யார்?

இங்கு ஒரு கேள்வி எழும். வளர்ப்பகங்களிலே வெண்ணாரைகள் உள்ளனவே, அவற்றைக் கொண்டுபோய்ச் சைபீரியாவில் விட்டால் அவை தாமே இந்தியாவுக்குப் பறந்து வாராவோ?

வாரா. குயிற்குஞ்சு தன் பெற்றோரைக் காணாமலே வளரும். ஆயினும் வலசை போகும் குயிலினங்களின் குஞ்சுகள் பருவம் வந்ததும் தனித்தே கடல் கடந்து செல்லும். வழி அவற்றின் பிறவியறிவிலே அமைந்தது. நாரையோ அவ்வாறன்று. குஞ்சு தன் முதற் பயணத்தைத் தாய் தந்தையரோடு சேர்ந்தே செய்யும். எந்த ஏரியில் இறங்குவது, எந்த மலையை எப்பக்கமாகச் சுற்றுவது என்பவற்றை உடன் பறந்தே கற்கும். அமெரிக்காவின் வெண்ணாரை இனம் ஒன்றைப் பற்றி 2013 இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆராய்ச்சி இதனைக் கணக்கிட்டுக் காட்டியது. ஒரு வயதுப் பறவைகள் தமக்குள் கூடிச் சென்றதைக் காட்டிலும், எட்டு வயதுப் பறவை ஒன்று உடன் சென்றபோது வழி விலகல் ஏறத்தாழ 38 சதவீதம் குறைந்தது. கூட்டம் பெரிதா சிறிதா என்பதால் வேறுபாடு ஏற்படவில்லை. முதிர்ந்தது ஒன்று உடன் இருந்ததா என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது.

மனிதர் தாமே ஆசிரியராக முயன்றதும் உண்டு. அமெரிக்க வெண்ணாரை 1940 களின் தொடக்கத்தில் காட்டில் இருபதளவாகக் குறைந்திருந்த இனம். அதன் வளர்ப்புக் குஞ்சுகளுக்கு 2001 முதல் சிறு விமானத்தால் வழி காட்டினர். குஞ்சுகள் மனிதரைப் பெற்றோரென எண்ணாதிருக்க, வளர்த்தோர் முகமும் உடலும் மறைத்த வெள்ளை அங்கி அணிந்தனர். விஸ்கொன்சினிலிருந்து புளோரிடா வரை விமானத்தின் பின்னே பறந்த குஞ்சுகள் வழியைக் கற்றன. வேனிலில் தாமே திரும்பின. ஆனால் வளர்ந்தபின் முட்டையைக் காத்துக் குஞ்சை ஆளாக்குவதிலே அவை பெரிதும் தவறின. அம்முயற்சி 2016 இல் நிறுத்தப்பட்டது. ரஷ்யாவிலும் சைபீரியக் குஞ்சுகளுக்கு இவ்வாறே வழிகாட்ட முயன்றனர். 2012 இல் அந்நாட்டு ஜனாதிபதி புட்டினே சிறு விமானத்தில் ஏறிக் குஞ்சுகளுக்கு முன்னே பறந்தார். இந்தியாவுக்கான பழைய பாதை உயிர்பெறவில்லை.

உமித் என்னும் தனிப் பறவை

சைபீரியாவிலிருந்து தென்மேற்கே செல்லும் மற்றொரு பாதையும் இருந்தது. காஸ்பியன் கடலின் தென்கரையிலே, ஈரான் நாட்டின் பெரெய்துன்கெனார் என்னும் ஊரில் அது முடியும். அவ்வூர் வயல்களிலே வாத்துப் பிடிப்போர் நீர் தேக்கிய பழைய பொறிக்குளங்கள் உள்ளன. வாத்துகள் அஞ்சி அகலாதிருக்க அங்கு துப்பாக்கி சுடுவதில்லை, உரக்கப் பேசுவதுமில்லை. வாத்து வேடரின் அந்த மௌனத்திலே சில வெண்ணாரைகள் பாதுகாப்பாகத் தங்கி வந்தன என்பது 1978 இல் உலகுக்குத் தெரிந்தது.

அச்சிறு கூட்டமும் ஒவ்வொன்றாய்க் குறைந்து, கடைசியில் ஓர் ஆண் பறவையே எஞ்சியது. ஊரார் அதற்கு உமித் எனப் பெயரிட்டனர். பாரசீக மொழியில் அதற்கு நம்பிக்கை என்பது பொருள். ஏறத்தாழப் பதினைந்து குளிர்காலங்கள் உமித் தன்னந்தனியே வந்து போயிற்று. 2023 இல் பெல்ஜியத்திலுள்ள வளர்ப்பகத்திலிருந்து ரோயா என்னும் பெண் நாரையைக் கொணர்ந்து அதன் அருகே விட்டனர். ரோயா என்றாற் கனவு. இரண்டும் நீரிலே சேர்ந்து நின்ற காட்சியைக் கண்டு ஈரானியர் பெரிதும் மகிழ்ந்தனர். அம்முயற்சியால் ஒரு புதிய குடும்பம் உருவாகவில்லை. அந்தப் பாதையின் முழு அறிவும் ஒரே ஒரு பறவையின் தலைக்குள் எஞ்சியிருந்த நிலை அது.

எஞ்சியிருப்பது

வெண்ணாரை இனம் முற்றாக அழிந்துவிடவில்லை. யாக்கூத்தியாவில் பிறக்கும் கிழக்குக் கூட்டத்திலே இன்றும் சில ஆயிரம் பறவைகள் உள. அவை சீனாவின் போயாங் ஏரியில் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவற்றின் தங்குமிடம் அதுவே என்பது 1980 இல்தான் விஞ்ஞானிகளுக்குத் தெரியவந்தது. இனம் ஏறத்தாழ முழுவதும் இன்று அந்த ஒரே ஏரியையும் அதன் சுற்றுப்புறத்தையும் நம்பியிருக்கின்றது. 2022 இல் கடும் வறட்சியால் அவ்வேரி மிகச் சுருங்கியது. நீர்க்கிழங்கு கிடைக்காத ஆண்டுகளில் நாரைகள் அருகிலுள்ள வயல்களுக்கும் தாமரைக் குளங்களுக்கும் சென்று தாமரைக் கிழங்கைத் தோண்டித் தின்னக் கற்றிருக்கின்றன. அவற்றுக்கெனவே சில தாமரைக் குளங்களை அறுவடை செய்யாது விட்டுவைப்போரும் அங்குளர்.

இக்கதை நமக்கு அயலானதன்று. வெண்ணாரை இலங்கைக்கு வருவதில்லையெனினும், வடக்கேயிருந்து மத்திய ஆசியாவைக் கடந்து வரும் பறவைகளின் பெருவழி நம் தீவிலேதான் முடிகின்றது. மன்னாரின் உவர்நீர்ப் பரப்பிலும் வங்காலைச் சரணாலயத்திலும் யாழ்ப்பாணக் கடனீரேரியின் ஓரங்களிலும் குளிர்காலத்தில் இறங்கும் ஊசிவால் வாத்துகளும் கரையோரப் பறவைகளும் அவ்வழியே வந்தவை. இடையிலுள்ள நாடுகள் தம் கடமையைச் செய்தபோதும், வழியின் இறுதியிலே நாம் நீர்நிலையை மண்ணிட்டு நிரப்பினால் அவற்றின் பயணம் பாழாகும்.

பரத்பூரிலே யாரோ சிலர் ஆண்டுதோறும் நாரைகளை எண்ணி எழுதி வைத்தமையாலேயே இருநூறு நாற்பதாகி, நாற்பது ஐந்தாகி, பின்னர் இரண்டான வரலாற்றை நாம் இன்று அறிகின்றோம். ஒக்டோபர் முதல் மார்ச் வரை நம் குளங்களுக்கும் களப்புகளுக்கும் புதிய பறவைகள் வரும். அவற்றின் அருகே வாழும் மாணவர்கள், முதல் வந்த நாளையும் வந்தவற்றின் தொகையையும் ஒரு கொப்பியிலே குறித்து வைப்பாராக. முன்னர் எவை வந்தன, எங்கே இறங்கின என்பதை வீட்டிலுள்ள அப்பு ஆச்சியிடமும் ஊர் மீனவரிடமும் கேட்டு, அதையும் அதே கொப்பியில் எழுதி வைத்தல் வேண்டும்.